காதல் நோயும் கலங்கிய மனமும்: யவனர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

லைலா மஜ்னூன் கதையை வகுப்பில் எடுத்தால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "மஜ்னூன் எண்டால் என்ன?" என்பதுதான். கைஸ் என்பது அவனுடைய இயற்பெயர். மஜ்னூன் என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். ஜின் பிடித்தவன் என்று பொருள். அதைச் சொன்னவுடன் கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்: "அப்ப விசரன்!" வகுப்பே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பை நாம் தடுப்பதில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை தவறாக எதுவும் சொல்லவில்லை. காதலையும் மனக்கலக்கத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது மனிதரின் பழைய பழக்கம். தமிழில் "மையல்" என்றால் காதல் மயக்கமும்தான், பித்தும்தான். "மால்" என்ற சொல்லும் அப்படியே. கிரேக்கர் பித்தை "மேனியா" என்றார்கள். அவர்களுடைய தத்துவ ஞானி பிளேட்டோ, "பைத்ரஸ்" என்ற நூலில் தெய்வம் தரும் பித்துகள் நான்கு என்று கணக்கிட்டு, நான்காவதாகக் காதலை வைத்தார். சொற்களைத் தேடித் தொகுத்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. 1862 இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதியின் ஆசிரியர் மிரன் வின்ஸ்லோ, முன்னர் இந்த உடுவிலில் இருந்தவர். அவருடைய மனைவி ஹரியட் 1824 இல் இங்கே தொடங்கிய பெண்கள் பாடசாலை இன்றும் நடக்கிறது.

இன்று பேச வந்தது அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கேள்வி. வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் கிடக்கிறது. பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கிரேக்க இலக்கியமும் எங்கள் சங்க இலக்கியமும் இதே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்களுக்கு இன்றைக்கும் தேவையான ஒரு பாடம் கிடைக்கிறது.

முதலில் உடம்பு.

கி.மு. 600 அளவில் லெஸ்போஸ் தீவில் வாழ்ந்தவர் சாஃபோ என்ற பெண் புலவர். விரும்பியவரைக் கண்ட மாத்திரத்தில் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு பாடலில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். நா எழாது, தோலுக்கடியில் நெருப்பு ஓடும், கண் தெரியாது, காது இரையும், வியர்க்கும், நடுங்கும், கடைசியில் மேனி புல்லைவிடப் பசுமையாகி வெளிறிப்போகும். அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்குப் பச்சை என்றும் வெளிறல் என்றும் இரண்டு பொருளும் உண்டு.

இதைக் கேட்டதும் தமிழ் படித்த எவருக்கும் பசலை ஞாபகம் வரும். பிரிவில் வாடும் பெண்ணின் மேனியில் படரும் நிறம் அது. அதன் வேர் "பசுமை" என்ற சொல்லின் வேர்தான். திருக்குறளில் அதற்கென்றே "பசப்புறு பருவரல்" என்று பத்துக் குறள் கொண்ட ஓர் அதிகாரம் இருக்கிறது. ஈஜியன் கடலில் ஒரு தீவும் தமிழ்நாடும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே நிறத்தைக் கண்டிருக்கின்றன.

"பார்க்காமலே" என்று ஏன் சொல்கிறோம்? யவனர் இங்கே வந்தவர்கள்தானே என்று கேட்கலாம். வந்தார்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களை அகநானூறு பேசுகிறது. முசிறித் துறைமுகத்து வணிகம் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய கி.பி. 2 ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ஆனால் மிளகு போன கப்பலில் பாட்டும் போனது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அப்படி ஒன்றை நாம் கட்டிச் சொல்லத் தேவையும் இல்லை. இரண்டு ஊரிலும் மனித உடம்பு ஒன்றுதான்.

அடுத்தது, வீடு என்ன நினைத்தது என்பது.

யூரிப்பிடிஸ் எழுதிய "ஹிப்போலிட்டஸ்" நாடகம் ஏதென்ஸில் கி.மு. 428 இல் மேடையேறி முதற்பரிசு பெற்றது. அரசி பைத்ரா மூன்று நாட்களாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். கணவனின் முதல் தொடர்பில் பிறந்த மகன் ஹிப்போலிட்டஸ் மீது அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அதை வெளியே சொல்வதைவிடப் பட்டினி கிடந்து சாவது மேல் என்று நினைக்கிறாள். ஊர்ப் பெண்களுக்கு இது தெரியாது. அவர்கள் கூடி நின்று கேட்கும் கேள்வி இதுதான்: எந்தத் தெய்வம் பிடித்தது? பான் என்ற காட்டுத் தெய்வமா? ஹெக்கத்தேயா? மலைத் தாயா? படையலில் ஏதும் குறை வைத்தாளா?

இப்போது குறிஞ்சித் திணைக்கு வாருங்கள். மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சியைக் கூப்பிட்டு நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். முருகன் அணங்கினான் என்று விடை வருகிறது. வேலன் வருகிறான், களம் அமைகிறது, ஆட்டுக்குட்டி பலியாகிறது, இரவு முழுக்க வெறியாட்டு. ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே "வெறிப்பத்து" என்று பத்துப் பாடல்கள் பாடினார். வெறியாட்டைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் பெற்ற புலவரும் உண்டு. அவருடைய அகநானூற்றுப் பாடல் ஒன்றில், ஒரு பக்கம் வெறியாட்டு நடக்கிறது, மறுபக்கம் காதலன் இரவில் வந்து போகிறான், பெண் தேறுகிறாள். வீடு முழுவதும் வேலனுக்கு நன்றி சொல்கிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

நற்றிணையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். தோழி முருகனையே நேரே பார்த்துக் கேட்கிறாள். இந்த நோய் உன்னால் வந்தது இல்லை என்று உனக்கே தெரியும், கூப்பிட்டார்கள் என்பதற்காக வந்து நிற்கிறாயே, நீ தெய்வமாகவே இருந்தாலும் உனக்கு அறியாமைதான் என்கிறாள். அந்தக் காலத்தில் இதை எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! அந்தப் பாடலைப் பக்திக்கு எதிரான பாடலாக நாம் படிப்பதில்லை. நோயாளியின் வாயைக் கேட்காமல் தெய்வத்தின் மேல் பழிபோடும் பெரியவர்களுக்கு எதிரான பாடல் அது.

மஜ்னூனின் கதையிலும் இது இருக்கிறது. தகப்பன் அவனைக் கஃபாவுக்குக் கூட்டிப்போய், "இந்தக் காதலிலிருந்து என்னை விடுவி என்று கேள்" என்கிறார். மகனோ காதலை இன்னும் கூட்டித் தரும்படி கேட்கிறான். தகப்பன் அன்பில்லாதவர் அல்லர். ஆனால் மகனிடம் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டிய பேச்சைப் பிரார்த்தனையிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஆண்களின் மனம் கலங்கியதைத் தமிழ் எப்படிச் சொன்னது? அதற்கு யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவுரையே வேண்டாம். கருக்கு மட்டை போதும். காதல் கைகூடாத ஆண் பனை மட்டையால் குதிரை செய்து, எருக்கம் பூ சூடி, விரும்பிய பெண்ணின் உருவத்தைக் கிழியில் எழுதிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வருவான். இதுதான் மடலேறுதல். மட்டையின் கருக்கு எப்படிக் கிழிக்கும் என்று எங்கள் வளவுகளில் விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வெட்கத்தை விட்டுத் தன் வேதனையை ஊருக்குக் காட்டும் வழி அது. பெரும்பாலான பாடல்களில் ஆண் ஏறுவதில்லை, ஏறுவேன் என்று சொல்வதோடு சரி. கலித்தொகையின் நெய்தற்கலியிலோ மடலேறி வந்தவனையே பார்க்கிறோம். அந்தக் கலித்தொகையை 1887 இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் உடுவிலுக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்துப் போன காலத்தில் அவர் அதைத் தேடிப் பதிப்பித்தார். பனையும் எங்களுடையது, பதிப்பும் எங்களுடையது.

இனி நோயின் பெயரைக் கண்டுபிடித்தவர்கள்.

கிரேக்க வைத்தியர்கள் ஒரு கட்டத்தில் தெய்வத்தை விட்டு உடம்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று, வலிப்பு நோயைத் "தெய்வ நோய்" என்று சொல்வதை மறுத்து, அது மூளையில் வரும் நோய் என்கிறது. அந்த மரபில் வந்த ஒரு கதையைப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். செலூக்கஸ் அரசனின் மகன் அந்தியோக்கஸ், தகப்பனின் இளம் மனைவி ஸ்திராத்தொனிக்கே மீது ஆசைப்பட்டுச் சொல்ல முடியாமல் படுத்துவிட்டான். வைத்தியர் எரசிஸ்திராட்டஸ் அவன் பக்கத்தில் இருந்து, அறைக்குள் யார் யார் வரும்போது என்ன நடக்கிறது என்று கவனித்தார். அவள் வந்தபோது மட்டும் குரல் தடுமாறியது, முகம் சிவந்தது, வியர்த்தது, நாடி குழம்பியது. இவை சாஃபோ சொன்ன அடையாளங்கள் என்று புளூட்டார்க்கே எழுதுகிறார். ஒரு பெண்ணின் பாட்டு வைத்தியருக்குப் பாடநூல் ஆகியிருக்கிறது!

கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் உரோமில் வைத்தியம் பார்த்த கேலன் தன் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். தூக்கமில்லாமல் படுத்திருந்த ஒரு பெண்ணின் கையை அவர் பிடித்திருந்தபோது, வெளியிலிருந்து வந்த ஒருவர் பிலாடீஸ் என்ற கூத்தன் ஆடியதைப் பேச்சுவாக்கில் சொன்னார். நாடி மாறியது. கேலன் உடனே முடிவுக்கு வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வேறு கூத்தர்களின் பெயர்களைச் சொல்ல வைத்துப் பார்த்தார். மாறவில்லை. திரும்பவும் பிலாடீஸ் பெயர் வந்தபோதுதான் மாறியது. காதலுக்கென்று தனி நாடி இல்லை, மனம் கலங்கும்போது நாடியும் கலங்குகிறது என்றும் அவர் எழுதினார்.

கேலனை அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்று அழைக்கும். 9 ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அவருடைய நூல்களை மொழிபெயர்த்தார். பிறகு இப்னு சீனா (980–1037) தன் "கானூன்" நூலில் தலை சம்பந்தமான நோய்களோடு "இஷ்க்" என்று காதல் நோய்க்கும் இடம் ஒதுக்கினார். நாடியில் விரலை வைத்துக்கொண்டு பெயர்களைச் சொல்லிப் பார்க்கும் முறையை அவரும் விவரிக்கிறார். பெயர் தெரிந்தபின், மார்க்கமும் சட்டமும் அனுமதிக்கும் வழியில் சேர்த்து வைப்பதே பெரிய மருந்து என்கிறார். இலங்கையில் இன்றைக்கும் "யூனானி" என்ற பெயரில் வைத்தியம் இருக்கிறதே, அந்தச் சொல்லுக்கே "கிரேக்கருடையது" என்றுதான் பொருள். யூனானியும் யவனரும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். சங்கப் புலவருக்குக் கப்பலில் வந்த யவனர், எங்கள் மூத்தவர்களுக்கு மருந்துப் போத்தலில் வந்தார்கள்.

ஆனால் பெயரைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

பைத்ராவின் கதைக்குத் திரும்புவோம். அங்கே வைத்தியர் இல்லை. அவளை வளர்த்த கிழவி இருக்கிறாள். பேச்சோடு பேச்சாக ஹிப்போலிட்டஸின் பெயரை அவள் சொன்னதும் பைத்ரா அலறுகிறாள். கேலனின் சோதனையை அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஒரு கிழவி, தான் செய்கிறோம் என்று தெரியாமலே செய்துவிட்டாள். கெஞ்சி மன்றாடி உண்மையையும் வாங்கிவிட்டாள். அதன் பிறகு என்ன செய்தாள்? பைத்ராவைக் கேட்காமல் நேரே ஹிப்போலிட்டஸிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் கெட்டவள் அல்லள். பிள்ளையைக் காப்பாற்றும் அவசரம். அவன் சினந்து கத்துவதை பைத்ரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். அந்த அவமானத்தில் உயிரை விடுகிறாள், அவன் மேல் பொய்ப்பழி எழுதிய ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு. தகப்பன் தீசியஸ் அந்த ஓலையை வாசித்துவிட்டு விசாரணை எதுவும் இல்லாமல் மகனைச் சபிக்கிறான். மகனும் சாகிறான்.

இதே சிக்கல் யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலும் வருகிறது. அங்கும் வீட்டுக்காரி ஆசைப்படுகிறாள், அங்கும் பொய்ப்பழி. ஆனால் அந்த வீட்டில் ஒருவர், சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா பின்னால் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றார். பார்த்தார்கள். உண்மை தெரிந்தது. பிறகு யூஸுஃப் சிறை போனது வேறு கதை. ஆனாலும் ஆத்திரத்தில் ஓர் உயிர் போகாமல் காத்தது அந்த ஒரு நிமிட நிதானம். தீசியஸின் வீட்டில் சட்டையைப் பார்க்கச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எங்கள் மரபு இதற்கு என்ன சொல்கிறது? இங்கேதான் தோழி வருகிறாள். தோழிக்கும் எல்லாம் தெரியும். அவளும் பெரியவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குத் தமிழ் வைத்த பெயரைப் பாருங்கள்: அறத்தொடு நிற்றல். காட்டிக்கொடுத்தல் என்றோ கோள் சொல்லுதல் என்றோ அதற்குப் பெயர் இல்லை. அதற்கு ஒழுங்கும் உண்டு. முதலில் தலைவி தன் வாயால் தோழிக்குச் சொல்லவேண்டும். தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு. தகப்பனும் தமையன்மாரும் குறிப்பால் உணர்ந்துகொள்வார்கள். தோழி அதை எப்படிச் சொல்லலாம் என்பதற்குத் தொல்காப்பியம் ஏழு வகை சொல்கிறது. தலைவனின் எளிமையைச் சொல்லுதல், அவனைப் புகழ்தல், வேட்கையை உரைத்தல் என்று தொடங்கி உண்மையை உள்ளபடி செப்புதல் வரை அந்தப் பட்டியல் போகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், 261 அடியும், ஒரு தோழி செவிலியிடம் இப்படிச் சொல்லும் பேச்சுத்தான். கோபிக்காதே அம்மா என்று தொடங்கி, நீ குறி கேட்டும் தெய்வங்களைக் கும்பிட்டும் படும் பாடு எனக்குத் தெரியும் என்று தாயின் துன்பத்தையும் முதலில் மதித்து, பிறகு யானை வந்ததையும் அவன் காத்ததையும் சொல்கிறாள். பெண்ணின் மானமும் போகவில்லை, தாயின் மனமும் உடையவில்லை.

ஓர் இலக்கணநூல், கலங்கிய பிள்ளையின் இரகசியத்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்று ஏழு வழி எழுதி வைத்திருக்கிறது. இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிறோமே என்பதுதான் எங்கள் கவலை.

ஏனென்றால் அந்தக் காட்சி முடியவில்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளை திடீரென்று புத்தகத்தை மூடிவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை, தலையிடி, நெஞ்சு நோவு, பெருமூச்சு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்கள் மனத்துயரை உடல் நோவாகச் சொல்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டிலே என்ன நடக்கிறது? சாத்திரியாரிடம் குறிப்புக் காட்டுகிறார்கள், நாவூறு கழிக்கிறார்கள், நூல் கட்டுகிறார்கள். எங்கள் வீடுகளில் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். பிரார்த்தனை கூடாது என்று நாம் சொல்லவில்லை. துஆ செய்யுங்கள், கோயிலுக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன்போ பின்போ, பிள்ளையோடு ஒருவர் உட்கார்ந்து கேட்கவேண்டும். வெறியாட்டுக் களத்தில் எல்லோரும் இருந்தார்கள், அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை.

அதைவிட ஆபத்தானது கிழவியின் அவசரம். பிள்ளை நம்பிச் சொன்ன ஒன்று ஆசிரியர் அறையில் பேச்சாகிறது. கைப்பேசியைப் பறித்து, அதில் இருந்ததை மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் காட்டுகிறார்கள். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிகிறது. சங்கத் தமிழில் இதற்கு "அலர்" என்று பெயர், வள்ளுவர் அதற்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அன்று அலர் ஊர் எல்லையோடு நிற்கும். இன்று வட்ஸ்அப்பில் கனடா வரை போகிறது. பைத்ராவைச் சாகடித்தது ஆசை அல்ல, அது வெளியே வந்த விதம். 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தம் உயிரை மாய்த்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. கொடிய பீடைகொல்லிகளைத் தடைசெய்த பின் அது வெகுவாகக் குறைந்தது. சட்டம் செய்யக்கூடியதைச் சட்டம் செய்தது. வீடும் பாடசாலையும் செய்யக்கூடியது மிச்சம் இருக்கிறது.

பிள்ளைகளைக் காதலிக்கச் சொல்லும் பதிவு இது என்று யாரும் எடுக்கவேண்டாம். தோழி சொன்னதன் முடிவு திருமணம். இப்னு சீனா சொன்ன மருந்தும் அதுதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த மருந்து பொருந்தாது. அதற்குத் தேவை நேரமும், படிப்பும், கேலி செய்யாத ஒரு காதும். நாம் படிப்பிக்கிறவர்கள், பெற்றோர், மௌலவிமார், குருக்கள் எல்லோரும் செய்யக்கூடியவை சில உண்டு. "யார் அது?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டியா?" என்று கேட்கலாம். சொன்னதை யாரிடம் கொண்டுபோகலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கலாம். "இதை அம்மாவிடம் நானும் உன்னோடு இருந்து சொல்லட்டுமா?" என்ற ஒரு வசனம் போதும், அதுதான் இன்றைய அறத்தொடு நிற்றல். உயிராபத்து என்று தோன்றினால் மட்டும் அனுமதிக்குக் காத்திருக்கக்கூடாது. அப்போதும் ஊருக்கு அல்ல, உதவக்கூடிய ஒருவருக்குச் சொல்லவேண்டும். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருப்பார், வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

தோழியும் சொன்னாள், கிழவியும் சொன்னாள். இருவருக்கும் அன்பு குறைவில்லை, இருவருக்கும் தெரிந்ததும் ஒன்றுதான். கிழவி பிள்ளையைக் கேட்காமல் போனாள். தோழி பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போனாள்.